மேடை ஏறாத றகரம்

கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் மாவட்ட நிலைப் போட்டி நடக்கும் நாளில், தொடங்கும் நேரத்துக்கு வெகுமுன்பே பள்ளி வேன்கள் வந்து நின்றுவிடும். இடுப்பில் நிற்க மறுக்கும் வேட்டியோடு நெளியும் நான்காம் ஆண்டுப் பையனுக்கு ஆசிரியை ஊக்கு குத்திக்கொண்டிருப்பார். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு சிறுமி சுவரைப் பார்த்துக் கதை சொல்லிப் பழகுவாள். பதிவு மேசையில் பெயரைச் சரிபார்த்ததும் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் வரும் எண்தான் மேடையேறும் வரிசை. அந்த எண்ணையே சட்டையில் குத்தி அனுப்புவார்கள். எந்தப் பள்ளிப் பிள்ளை என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நேரக்காப்பாளர் முதல் மணி அடித்தால் முடிக்கத் தயாராக வேண்டும். இரண்டாம் மணிக்குப் பிறகும் பேசினால் புள்ளி குறையும். முதலாம் எண் வாய்த்த பிள்ளையின் அம்மா முகம் வாடுவதை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம்.

பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று நான்கு நிலைகளில் போட்டிகள் ஏறிச் செல்லும். கல்வி அமைச்சின் ஆதரவில் நடக்கும் செந்தமிழ் விழாவுக்கும் இதே அமைப்புதான். சிலாங்கூரில் கிள்ளான், கோம்பாக், உலு லங்காட், பெட்டாலிங் என்று மாவட்டக் கல்வி அலுவலகங்கள் உண்டு. கோலாலம்பூரில் மாவட்டம் கிடையாது. பங்சார்-பூடு, கெராமாட், செந்தூல் என்று மூன்று வட்டாரங்கள். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் பங்சார்-பூடு வட்டாரத்தில் வென்றால்தான் மேலே போக முடியும். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவும் வட்டாரப் பேரவை, மாநிலம், தேசியம் என்று இதே வழியில்தான் போகிறது.

இந்த மேடைகளில் கதை உண்டு, கவிதை உண்டு, பேச்சு உண்டு, திருக்குறள் மனனம் உண்டு. பெரும்பாலும் வாய்க்கு வைக்கும் சோதனை. கட்டுரைப் போட்டி ஒன்றுதான் கைக்கு. அங்கேயும் கருத்துக்கும் நடைக்கும் புள்ளி போன பிறகுதான் எழுத்துப் பிழையைப் பார்ப்பார்கள். ஒரு சொல்லை எந்த எழுத்தில் எழுதுவது என்பதை மட்டும் சோதிக்கும் போட்டி, சில பள்ளிகளில் தமிழ் மொழி வாரத்தில் நடப்பதோடு சரி. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலுக்கென்றே அரங்கம் அமைத்து, தொலைக்காட்சியில் காட்டி, பரிசுப் பணம் கொடுக்கும் காலத்தில், தமிழின் றகரமும் ளகரமும் வகுப்பறைக்கு வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு இந்த நாட்டின் தமிழ்க் கல்வி வரலாற்றில் பாதி விடை இருக்கிறது.

மலாயாவில் தமிழ் வகுப்பு முதலில் தொடங்கியது பினாங்கில். 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பினாங் ஃப்ரீ ஸ்கூலில் அதே ஆண்டு தமிழும் கற்பிக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தமிழர் கல்வி வந்த வழி வேறு. இரண்டு தடங்களில் வந்தது.

ஒன்று இரயில். கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்த தடம் 1886இல் திறக்கப்பட்டது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே பட்டறைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த எழுத்தர்கள் வந்து சேர்ந்தார்கள். விவேகானந்தர் ஆசிரமம் 1904இல் எழுந்தது இந்தச் சூழலில்தான். அந்த வீடுகளில் எழுத்துக்கூட்டல் சோற்றுக்கான வழி. கடிதத்தில் ஆங்கிலச் சொல் ஒன்று பிழையானால் துரையின் முகம் மாறும். பதவி உயர்வு தள்ளிப்போகும். பிள்ளைகளை விக்டோரியா இன்ஸ்டிடியூஷனுக்கும் மெதடிஸ்ட் பள்ளிக்கும் அனுப்பிய அப்பாமார்கள் மாலையில் வீட்டில் ஆங்கிலச் சொல் கேட்டு எழுதச் சொன்னதில் வியப்பில்லை.

மற்றது தோட்டம். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், பிறகு 1923இன் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றன. சட்டம் பள்ளி என்றது. கிடைத்தது பெரும்பாலும் அத்தாப்புக் கூரைக் கொட்டகை. எழுத்தறிந்த யாராவது ஒருவர், சில இடங்களில் கிராணியோ கங்காணியோகூட, வாத்தியார் ஆனார். எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே. அரிச்சுவடியும் வாசகப் புத்தகமும் சென்னையிலிருந்து வந்தன. ஆறேழு வயதுப் பிள்ளை மணலில் விரலால் எழுதியது. கொஞ்சம் வளர்ந்ததும் சிலேட்டு. பெற்றோர் விடியலில் பால்மரம் சீவப் போய்விடுவார்கள். வீட்டில் எழுத்து சொல்லித்தர ஆள் இருக்காது. வாத்தியாரின் வாய்தான் அகராதி.

அந்த வாயிலிருந்து பிறந்ததுதான் சொல்வதெழுதுதல். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு ஒருவர் சமாளிக்க இதைவிட வசதியான பாடம் கிடையாது. ஒரு வகுப்புக்கு வாசிப்பு, ஒரு வகுப்புக்குக் கணக்கு, ஒரு வகுப்புக்குச் சொல்வதெழுதுதல். இன்றைக்கும் தமிழ்ப்பள்ளிகளில் அது உயிரோடு இருக்கிறது. ஆசிரியை வரிசைகளுக்கிடையே நடந்தபடி ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்வார். 'ஏரி' என்று சொல்லிவிட்டு, "மழைத் தண்ணி நிக்கிற ஏரி" என்பார். அடுத்தது 'ஏறி'. "மரத்தில ஏறி." பிறகு மனம், மணம். பிறகு வலி, வழி, வளி. இங்கேதான் பின்வரிசை தடுமாறும், ஏனென்றால் மூன்றும் பல வீடுகளில் ஒரே ஒலிதான். ழகரம் நாக்கில் ளகரமாகப் போய்க் கடைசியில் லகரமாக நின்றுவிட்ட பேச்சில் வளர்ந்த பிள்ளை, காதை நம்பி எழுதினால் தோற்கும். கண்ணை நம்ப வேண்டும். படித்த பக்கம் நினைவில் நிற்க வேண்டும். பிழையான சொல்லுக்குச் சிவப்பு மையில் வட்டம். கீழே 'திருத்தம்' என்று தலைப்புப் போட்டு அந்தச் சொல்லை ஐந்து முறை எழுத வேண்டும்.

தமிழை எழுதுவது எளிது, ஒலிப்பது போலவே எழுதலாம், ஆகவே எழுத்துக்கூட்டல் போட்டிக்கே தேவையில்லை என்று சொல்பவர்கள் இந்த நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண என்னும் மூன்று குழுக்களும் போதாதென்று க், ச், த், ப் என்ற ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்ற தீராத் தலைவலியும் இருக்கிறது. 2011 முதல் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் வலிமிகும் இடம், வலிமிகா இடம் ஆகியவை இலக்கணப் பாடமாகவே இடம்பெறுகின்றன. பத்து வயதில் படித்ததை இருபது வயதில் நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தபின் மறுபடி படிக்கிறவர்கள் உண்டு.

வகுப்பறைக்கு வெளியே தமிழுக்குப் போட்டி என்ற பழக்கத்தைப் பரவலாக்கியவை செய்தித்தாள்கள். நரசிம்ம ஐயங்கார் 1924இல் தமிழ் நேசனைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 1935இல் தமிழ் முரசு பிறந்தது. அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி செய்தி போடுவதோடு நிற்கவில்லை. 1952இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், பொங்கலை ஒட்டிய விழாவாகச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியது. பேச்சு, கட்டுரை, கவிதை, விளையாட்டு என்று ஊர் ஊராகப் போட்டிகள். சாதியும் மதமும் பார்க்காமல் தமிழர் ஒரே பந்தலில் கூடுவதற்குப் போட்டி ஒரு நல்ல சாக்கு என்பது சாரங்கபாணிக்குத் தெரிந்திருந்தது. முரசின் மாணவர் மணிமன்றம் பகுதியில் பெயர் அச்சாவதற்காகவே எழுதத் தொடங்கிய பிள்ளைகள், பிறகு இந்த நாட்டின் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். அந்தப் பகுதியிலிருந்து கிளைத்த மணிமன்றங்கள் தோட்டந்தோறும் கிளை பரப்பி இளைஞர் இயக்கமாக வளர்ந்தன.

கோலாலம்பூரில் தமிழ் நேசன் செய்தது இதற்கு அண்ணன் வேலை. 1950இல் அது 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் வாசகர்களுக்குப் பாடம் சொல்லி, பயிற்சி கொடுத்து, வந்த கதைகளைத் திருத்தித் தேர்வும் வைத்தார்கள். தோட்டத்தில் பால் வெட்டியவரும் கடையில் கணக்கு எழுதியவரும் தபாலில் விடை அனுப்பினார்கள். அதே பத்தாண்டில் கு. அழகிரிசாமி நேசனில் ஆசிரியப் பணிக்கு வந்தார். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலிலிருந்து வந்த அவருடைய மேசையில் மலாயாக் கையெழுத்துப் பிரதிகள் குவிந்தன. இந்த நாட்டுத் தமிழ் உரைநடையில் அவருடைய திருத்தப் பேனாவுக்கும் பங்கு உண்டு.

செய்தித்தாள் நடத்திய போட்டி என்பதால் அதில் எழுத்தும் இருந்தது. பிழையோடு வந்த கட்டுரை அச்சாகாது, அவ்வளவுதான் விதி. தபால்தலை வாங்கி அனுப்பிய பையனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவைத் தொட்டுவிட்டு வரலாம், ஏனென்றால் அங்கும் எழுத்துக்கூட்டலை நாட்டுக்கே பொதுவான போட்டியாக்கியவர்கள் செய்தித்தாள்காரர்கள்தான். கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகர நாளிதழ் ஒன்று மற்ற சில நாளிதழ்களைச் சேர்த்துக்கொண்டு 1925இல் வாஷிங்டனில் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. இறுதிச் சுற்றில் ஒன்பது பிள்ளைகள். ஃபிராங்க் நியூஹவுசர் என்ற பதினொரு வயதுப் பையன் 'கிளாடியோலஸ்' என்ற பூவின் பெயரைச் சரியாகக் கூட்டி வென்றான். வட்டாரப் போட்டிகளை அந்தந்த ஊர் நாளிதழ்கள் நடத்தும், வென்றவரைத் தலைநகருக்கு அனுப்பும். நெடுங்காலம் இதுதான் முறை. சொல்லை உச்சரிக்க ஒருவர், தீர்ப்புச் சொல்லச் சிலர், தவறினால் ஒலிக்க ஒரு மணி. பிள்ளை சொல்லின் பொருளைக் கேட்கலாம், எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்கலாம், ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லச் சொல்லலாம். தொடங்கிவிட்டால் சொன்ன எழுத்தை மாற்ற முடியாது. 1985இல் பாலு நடராஜன் வென்றதிலிருந்து இந்திய வம்சாவளிப் பிள்ளைகளின் கொடி பறக்கத் தொடங்கியது. 2019இல் சொற்கள் தீர்ந்துபோகும் அளவுக்கு இழுத்து, எட்டுப் பேர் கூட்டாகப் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஏழு பேர் இந்திய வம்சாவளியினர்.

அந்தக் காய்ச்சல் மலேசியாவுக்கும் வந்தது. நியூ ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் நாளிதழும் ஆர்எச்பி வங்கியும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியை நடத்தின. மாநிலந்தோறும் சுற்று, கடைசியில் கோலாலம்பூரில் இறுதிப் போட்டி. இங்கும் முன்னால் நின்றது ஒரு நாளிதழ். ஆங்கிலத்துக்கு விளம்பரதாரர் கிடைக்கிறார். தமிழுக்குக் கிடைப்பது அரிது. 2019இன் தொடக்கத்தில் தமிழ் நேசன் தன் கடைசி இதழை வெளியிட்டு மூடியது. மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர் ஆகியவை மாணவர் பக்கங்களை விடாமல் நடத்தி வந்தாலும், கதை வகுப்பு காலத்தின் வீச்சு இனி ஒரு நாளிதழால் மட்டும் முடியாது. போட்டி மேடை நாளிதழிலிருந்து சங்கங்களுக்கும் அமைச்சுக்கும் கைமாறியது. மேடையை நடத்துகிறவர் யார் என்பதைப் பொறுத்தே எது மதிக்கப்படும் என்பதும் மாறுகிறது. நாளிதழ் எழுத்தைப் பார்த்தது. விழா குரலைப் பார்க்கிறது. பிரமுகர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளைகள் தலைகுனிந்து எழுதுவதைவிட முழங்கிப் பேசுவதுதான் எடுபடும்.

இன்னொரு காரணமும் உண்டு. எது சரியான எழுத்து என்பதிலேயே ஒரு தலைமுறைக் குழப்பம் இருந்தது. பெரியார் 1935இல் குடிஅரசில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல்தான் ஆணையாக்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதன் பிறகு ஏற்றன. 'லை', 'னை' போன்ற எழுத்துகளை யானைத் துதிக்கை போட்டு எழுதப் பழகிய அப்பாவும், தனிக் கொம்பு வைத்து எழுதும் பிள்ளையும் ஒரே மேசையில் வீட்டுப்பாடம் செய்த வீடுகள் செந்தூலிலும் காப்பாரிலும் இருந்தன. பிள்ளை எழுதியதை அப்பா அழித்துத் திருத்த, மறுநாள் ஆசிரியை அதை மறுபடி திருத்துவார்.

அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது. வேறு சில தீரவில்லை. கைபேசியா கைப்பேசியா? கருப்பா கறுப்பா? மலாய் ஊர்ப் பெயர்கள் இன்னும் சுவையானவை. கிள்ளான் என்று எழுதி எழுதி அதுவே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது. வரைபடத்தில் இருக்கும் கடைசி எழுத்தைத் தமிழ் நாக்கு எப்போதோ உதறிவிட்டது. கோலாலம்பூரைக் கோலாலும்பூர் என்று எழுதுபவரும் உண்டு. ஷா ஆலமை ஷகரம் இல்லாமல் எழுத முயன்றவர்களை ஊரார் பின்தொடரவில்லை. அமெரிக்கப் போட்டிக்கு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ளதே முடிவு, வழக்காட இடமில்லை. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி இருக்கிறது, 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் இருக்கிறது. போட்டி நடத்துபவர் ஒன்றைத் தேர்ந்து முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பாதிச் சண்டை ஒழியும்.

மீதிப் பாதி முறையைப் பற்றியது. ஆங்கிலப் போட்டியை அப்படியே பெயர்த்து வைத்தால் தமிழில் கேலிக்கூத்தாகும். ஒரு பிள்ளை ஒலிவாங்கி முன் நின்று 'பறவை' என்பதை எப்படிக் கூட்டும்? "ப, பெரிய ற, வை" என்று சொல்ல வேண்டும். 'கண்ணன்' என்றால் மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணத் தொடங்கிவிடும். வகுப்பறைப் பேச்சுக்கு அது சரி, மேடைக்குச் சரிவராது. தமிழ் எழுத்தை உரக்கக் கூட்டுவதைவிட எழுதிக் காட்டுவதே பொருத்தம். அதாவது தோட்டப் பள்ளி வாத்தியார் செய்ததுதான் சரியான வடிவம்: ஒருவர் சொல்ல, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதுவது. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை தன் விழாக்களில் பிள்ளைகளுக்குத் தமிழ்த் தேனீ என்று ஒரு போட்டி வைக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வார இறுதி வகுப்பில் மட்டுமே தமிழ். ஆறாண்டு முழுநேரமாகத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் அதைவிடக் கடினமான போட்டியைத் துணிந்து வைக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாட்டில் இன்று ஏறத்தாழ 530. ஆனால் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின் கூட்டம் கிள்ளான் பள்ளத்தாக்கில் சேர்ந்துவிட்டது. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. பெயரில் இன்னும் 'தோட்டம்' ஒட்டிக்கொண்டிருக்கும் புக்கிட் ஜாலில் பள்ளியின் அருகே 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் திறக்கப்பட்ட அரங்கங்கள் நிற்கின்றன. பால்மரம் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேவையும் கூடியிருக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும், 2005இல் வந்த செல்லினமும் தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும் தட்ட வழி செய்தன. நல்லதுதான். ஆனால் 'ப' என்று தட்டியதும் திரையில் பள்ளியும் பல்லியும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்போது, எதைத் தொடுவது என்று தெரிந்திருக்க வேண்டியது விரலுக்குச் சொந்தக்காரர். தொடக்கப்பள்ளி முடிவில் 1988 முதல் பிள்ளைகளை எழுத வைத்துக்கொண்டிருந்த யுபிஎஸ்ஆர் தேர்வும் 2021இல் நீக்கப்பட்டது. அந்தத் தேர்வு பிள்ளைகளைப் பாடாய்ப்படுத்தியது உண்மை. அதன் கட்டுரைத் தாளுக்காகவாவது ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒற்றுப்பிழையைப் பற்றிக் கவலைப்பட்டதும் உண்மைதான்.

ஆகவே மாவட்டப் போட்டிகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விழா நிரலில் சொல்வதெழுதுதலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த அகராதி என்பதையும் முந்நூறு சொற்கள் கொண்ட பட்டியலையும் மூன்று மாதம் முன்னதாகப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். பட்டியலில் இருந்து முப்பது சொல், பட்டியலுக்கு வெளியே இருந்து பத்துச் சொல், கடைசியில் ஒற்று நிறைந்த ஒரு பத்தி. சொல்பவர் ழகரத்தை ஒழுங்காக ஒலிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். பிள்ளைகள் எழுதுவதைப் பெரிய திரையில் காட்டினால் முன்வரிசைப் பிரமுகர்களுக்கும் பார்க்க வேடிக்கை இருக்கும். செலவு என்று பார்த்தால் தாளும் பென்சிலும்தான்; வெல்பவருக்குக் கோப்பையோடு ஒரு நல்ல அகராதியும் சேர்த்துக் கொடுங்கள்.